பிஸ்கட் கணக்கு

முந்நூற்று நாற்பது ரூபாய். அதற்காக ஒரு மனிதர் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வருவாரா?

வந்துவிட்டார் மீரா உசேன். பூதலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், தங்கையனுக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் கடையின் நீளக் கணக்கு நோட்டு.

தங்கையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நேற்று முழுக்க நாற்றுக்கட்டு சுமந்த தோள் விண்விண்ணென்று வலித்தது. பக்கத்தில் ஏழு வயது மகள் பூவிழி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

"என்ன தங்கையா, என்னப் பாத்ததும் வயக்காட்ட வேடிக்க பாக்குற? எல்லாம் நீ நட்ட நாத்துதானே!"

"அதெல்லாம் இல்ல பாய். நடவுக் கூலி இன்னும் கைக்கு வரல. வந்ததும் மொதல்ல ஒங்களுக்குத்தான்."

"அங்க போய்ப் பேசிக்குவோம்."

"எங்க?"

"நீ போற எடத்துக்குத்தான் நானும் வர்றேன்."

கடன்காரர் வந்து நிற்க இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது?

பூவிழிக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை. தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்தில் அவளுக்கு இலவச இடம் கிடைத்திருந்தது. வேண்டியதைப் படம் போட்ட அட்டையைக் கொடுத்துக் கேட்க அங்கே பழக்கினார்கள். பூவிழியின் கழுத்துக் கயிற்றில் ஒட்டியிருந்தது பிஸ்கட் அட்டை.

அதைப் பிய்த்து நீட்டினால் அந்த நொடியே பிஸ்கட் கொடுக்க வேண்டும், அப்புறம் என்று சொன்னால் பழக்கம் விட்டுப்போகும் என்று செந்தாமரை மேடம் சொல்லியிருந்தார். கேட்கும் ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்க ஒரு தாளும் கொடுத்திருந்தார்.

அந்தத் தாளை எதிர்வீட்டுக் கடைக்காரர் மீரா உசேனிடம் காட்டித்தான் தங்கையன் சொல்லி வைத்தான். "பாப்பா அட்டைய நீட்டுனா அஞ்சு ரூவா பாக்கெட் ஒண்ணு குடுத்துருங்க பாய். எழுதி வச்சுக்குங்க."

நேற்று உப்பு வாங்கப் போனவன் நோட்டை எட்டிப் பார்த்தான். அவன் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் ஓடியிருந்தது. பொடி எழுத்தில் என்னென்னவோ இருந்தன. இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகியவனுக்கு எண்கள் மட்டுமே பிடிபட்டன. ஐந்து, ஐந்து, ஐந்து. கூட்டினால் முந்நூற்று நாற்பது.

மையத்தில் செந்தாமரை மேடம் தாளைக் கேட்டார். தங்கையன் நீட்டினான். தேதி, மணி, எப்படிக் கேட்டாள் என்று மூன்று கட்டம். மூன்றும் காலி.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, ரெண்டு மாசமா ஒரு வரி இல்ல. வீட்டுல பழக்கம் நடக்கலன்னா எடத்த அடுத்த பிள்ளைக்குக் குடுக்கச் சொல்றாங்க. பதினோரு பிள்ளைங்க காத்திருக்கு. இன்னைக்கு நான் முடிவு எழுதியாகணும்."

"தெனம் கேக்குறா மேடம், சத்தியமா. அவ அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் வயல்லேருந்து வந்தா கட்டையச் சாச்சிடுவேன்."

"நம்புறேண்ணே. எத்தன தடவ கேட்டா, எப்படிக் கேட்டா? எதப் பாத்து எழுதுவேன்?"

மேடம் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காட்டினார். பூவிழி அட்டையைத் தொடவே இல்லை. தடதடத்துச் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு தரையில் விழுந்து அலறத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் மீரா உசேன்.

தங்கையன் கையெடுத்துக் கும்பிட்டான். "பாய், கொஞ்சம் வெளிய இருங்க. ஒங்க காசு எங்கயும் போயிடாது."

அவர் காதில் வாங்கவில்லை. நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தார். "தங்கையன் பக்கம். படிங்கம்மா."

மேடம் முதலில் மின்விசிறியை நிறுத்தினார். அலறல் மெல்லத் தணிந்தது. பிறகு விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார்.

"வைகாசி பன்னிரண்டு. காலை ஏழே கால். ஐந்து ரூபாய். அழுதுகொண்டு வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அட்டையைத் தொட்டுக் காட்டினேன். கொடுத்தாள்."

தங்கையன் தலையை நிமிர்த்தினான்.

"ஆனி மூன்று. மாலை நாலரை. ஐந்து ரூபாய். நான் உள்ளே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். தேடி வந்து கொடுத்தாள்." மேடத்தின் குரல் மாறியது. "தேடி வந்தாளா? நீங்க கூப்புடாமலா?"

"கூப்புடலம்மா. பருப்பு மூட்ட சந்துல நுழைஞ்சு வந்து, என் கையப் பிரிச்சு உள்ள வச்சா. நான் ஆடிப்போயிட்டேன்."

மேடம் வரிவரியாக எண்ணினார். "அறுபத்தெட்டு தடவ!" தன் தாளில் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எடம் பூவிழிக்குத்தாண்ணே. அடுத்த படிக்கே போறா."

தங்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சட்டைப் பையில் துழாவிக் கசங்கிய நோட்டுகளை எடுத்தான். "இப்ப எரநூறு இருக்கு பாய். மிச்சத்த..."

மீரா உசேன் மேடத்தின் பேனாவை வாங்கி, கணக்கின் அடியில் 'பாக்கி இல்லை' என்று எழுதினார்.

"நான் இன்னும் ஒத்தப் பைசா குடுக்கலியே பாய்?"

"அவதான் அறுபத்தெட்டு தடவையும் அட்டையக் குடுத்துட்டாளேப்பா!"