புகார் வராத திட்டம்

அரசாங்கத்தில் ஒரு நேரத்தில் பத்துத் திட்டங்கள்தான் இயங்கலாம். அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது பொற்கொடியின் வேலை. மூன்று மணிக்கு வெள்ள எச்சரிக்கை வந்ததும் மீட்புப் படகுத் திட்டம் உள்ளே வந்தது. ஒன்றை இறக்கியாக வேண்டும்.

“புகார் போனே வராத திட்டம் எது?” என்று கேட்டாள்.

“காது மிஷின்தான் மேடம்,” என்றார் உதவியாளர்.

இறக்கினாள். மாநிலம் முழுக்க அந்த மிஷின்கள் அணைந்தன.

கொட்டும் மழையில் வீடு திரும்பிக் குடையை வாசலில் வைத்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து அவள் கணவன் சேந்தன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் இருப்பதும் அரசாங்க மிஷின்தான்.

“நான்தாங்க இறக்குனேன்,” என்றாள்.

நிழலாடவே சேந்தன் நிமிர்ந்து சிரித்தான்.

“வந்துட்டியா? மழை விட்டுடுச்சு போல. சத்தத்தையே காணோம்.”