ஓடாத படம்

மின்மயானத்துச் சுவரில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு திரை உண்டு. பிறந்த நேரத்திலிருந்து இறந்த நேரம் வரை அவரவர் வாழ்க்கை அதில் படமாக ஓடும். ஒன்று மட்டும் இருண்டே கிடந்தது. அதன் முன் தினமும் ஒரு இளம்பெண் வந்து உட்காருவாள்.

பழுது பார்க்க வந்த சுகந்தி அந்தத் திரையின் கணினி நிரலைத் திறந்தாள். பிறந்த நேரமும் இறந்த நேரமும் ஒன்றாகவே வந்தன. சி என்ற நிரல்மொழியில் வழக்கமான தவறுதான். இரண்டாவது நேரம் முதலாவதன் இடத்திலேயே எழுதப்பட்டு அதை அழித்துவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பிரதி எடுத்து வைத்தாள். அப்போதும் ஒன்றாகவே வந்தன.

"இன்னும் எங்கயோ தப்பிருக்கு கண்ணு. இன்னைக்குள்ள ஓட வெச்சிடறேன்."

அந்தப் பெண் இருண்ட திரையைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"தப்பொண்ணும் இல்லீங்கக்கா. ரெண்டும் ஒரே நேரந்தானுங்க. எம்புள்ள பொறந்தப்ப அழுகவே இல்ல."