தக்காளி காய்ச்ச ஒரு விடுமுறை

“காசு வாங்கிட்டு வேலை செஞ்ச காலம் போய், காசு குடுத்து வேலை செய்யற காலம் வந்துடுச்சா? இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு!” என்றார் ஒரோன்சோ.

மகள் அசுந்தா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கிறுக்கு இல்லப்பா, விடுமுறை. வடக்கே பெர்காமோவுல வெயிலுக்கே பஞ்சம். நம்ம பக்கம் வந்து ஒரு வாரம் தங்கி, நம்மகூடச் சேர்ந்து தக்காளி காய்ச்சணும்னு ஆசைப்படறாங்க.”

“ஆசையா! விடியறதுக்கு முன்னாடி எழுந்து, மலை மாதிரி தக்காளியைக் கழுவி, அரைச்சு, வருஷம் பூராவுக்கும் வேண்டிய சாறைப் பாட்டில்ல அடைச்சு, கொப்பரைல வேகவெச்சு... சாயங்காலம் முதுகு ரெண்டா ஒடிஞ்சிடும். இதுக்கு எவன் காசு குடுப்பான்? திருட வர்றானுங்க.”

“இங்க திருட என்ன இருக்கு?”

“அதான் எனக்கும் புரியல.”

அரசாங்கம், வங்கி, டாக்டர், வானிலை அறிக்கை என்று எதையுமே நம்பாத மனிதர். இதை மட்டும் நம்பிவிடுவார் என்று அசுந்தாவும் எதிர்பார்க்கவில்லை. நம்ப வேண்டாம், சரி என்று சொன்னால் போதும்.

ஏனென்றால் வரப்போவது வேறு யாருமில்லை. அவள் தம்பி ரோக்கோதான், பெண்டாட்டி பிள்ளையோடு.

முன்பொருமுறை, நோய் கண்டு காய்ந்த ஒலிவ மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைக்கலாம் என்று ரோக்கோ சொன்னான். அப்பா முடியாது என்றார். ஒருநாள் அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவனே ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டான். திரும்பி வந்தவர், “இனிமே இந்த மண்ணை மிதிக்காதே” என்றார். ஆறு வருடமாக அவனும் மிதிக்கவில்லை. மீதி மரங்கள் தாமாகவே பட்டுப்போயின. கோபம் மட்டும் பட்டுப்போகவில்லை.

ஆகஸ்டில் தக்காளி காய்ச்சுகிற நாளன்று, வடக்கே பிழைக்கப் போன பிள்ளைகள் எல்லாம் குடும்பத்தோடு ஊர் வந்து சேருவார்கள். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் பத்துப் பதினைந்து பேர் கத்திக்கொண்டு கிடப்பார்கள். இந்த முற்றத்தில் மட்டும் அப்பாவும் மகளும். விருந்தாளி என்று உள்ளே வந்துவிட்டால், குழந்தையோடு நிற்பவனைத் துரத்த மாட்டார் என்று அசுந்தா நினைத்தாள்.

“அந்த ஆளு பேரு என்ன சொன்னே?”

“கார்லோ.” பெயரைத் தவிர வேறெதிலும் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“என்ன வேலை?”

“பஸ் ஓட்டறாராம்.”

“நாள் பூரா உக்காந்தே இருக்கற பொழப்பு. இடுப்புல வலி கிலி உண்டான்னு கேளு. கொப்பரையைத் தூக்கறேன்னு என் தலைல போட்டுடப் போறான்.”

“இல்லையாம்ப்பா. நல்லா இருக்காராம்.”

“பொண்டாட்டி எப்படி? சண்டைக்காரியா? புருஷனும் பொண்டாட்டியும் முறைச்சுக்கிட்டுத் திரியற வீட்டு ஆளுங்கள நான் சேர்க்க மாட்டேன்.”

“ரெண்டு பேரும் ஒத்துமையாத்தான் இருக்காங்க. போதுமா?”

“அந்தக் குழந்தை?”

“பொண்ணு. நாலு வயசு.”

“ராத்திரில அழுமா? பயந்து எழுந்துக்குமா? நல்லா சாப்பிடுமா?”

“ஏம்ப்பா, வாடகைக்கு வீடு குடுக்கறீங்களா, இல்ல பொண்ணு பாக்கறீங்களா?”

“வாயடிக்காதே. மூஞ்சியப் பாத்தாத்தான் எப்படிப்பட்ட குடும்பம்னு தெரியும். போட்டோ அனுப்பச் சொல்லு.”

அசுந்தா கைப்பேசியைத் துழாவினாள். தம்பி படத்தில் இல்லாத ஒன்றாகத் தேடிப் பிடித்துக் காட்டினாள். தர்ப்பூசணித் துண்டோடு ஒரு சின்னப் பெண், முன்பல் தெரியச் சிரித்தது.

ஒரோன்சோ கைப்பேசியைத் தூரத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் போய்ப் பார்த்தார்.

“இந்தக் காலத்துல பெத்தவங்க புள்ளைக்குச் சோறே போடறதில்ல. கையைப் பாரு, குச்சி!” என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “வேற என்ன வேணுமாம் அவங்களுக்கு?”

“ஒருநாள் கடலுக்குப் போகணுமாம்.”

“மத்தியானத்துல வேண்டாம்னு சொல்லு. இந்த வெயிலுக்குக் குழந்தை வெந்துடும். அப்புறம் நம்ம மேல கேஸ் போடுவானுங்க.”

“முன் அறையைக் குடுக்கட்டுமா?”

“அது கொதிக்கும். என் ரூமைக் குடு. நான் முற்றத்துல கட்டில் போட்டுக்கறேன். திருட்டுப் பசங்க, ராத்திரி எதையாவது தூக்கிட்டுப் போனா யாரு பாக்கறது?”

“அப்போ வரச் சொல்லிடவா?”

அவர் ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். ஒருமுறை தட்டினால் போதும், மூன்று தரம் தட்டினார்.

“சொல்லு.”

அசுந்தா எழுந்து அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். “தள்ளு, தள்ளு” என்று ஒதுக்கிவிட்டு அவர் வெளியே இறங்கினார்.

“ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல.”

“இன்னும் என்னப்பா சந்தேகம்? நல்ல குடும்பம்னுதான் இவ்வளவு நேரம் சொன்னேனே!”

“குடும்பத்தை யாரு சொன்னா? வந்து சேர மாட்டான்னு சொல்றேன். பாதி வழியில, போலோன்யா பக்கத்துல வண்டியத் திருப்பிடுவான், பாரு.” திரும்பிப் பார்க்காமல் தக்காளிப் பாத்திகளை நோக்கி நடந்துகொண்டே சொன்னார். “சின்னதுலேர்ந்தே அவன் அப்படித்தான். ஏதாவது தப்புப் பண்ணினா வாசல் வரைக்கும் வருவான், பயந்துபோய்த் திரும்பிடுவான். நான் போய்க் கையப் பிடிச்சு இழுத்தாத்தான் உள்ளே வருவான்.”