கை ஆடிய படம்

"ரசத்துல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய பொன்னையா, கல்யாண மண்டபத்தில் கேமராவோடு சரிந்து விழுந்து இறந்துபோனார். பதினாறாம் நாள் கழிந்து அவர் மனைவி குணவதி ஸ்டூடியோவுக்குப் போனபோது, அவருடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. கை ஆடி எடுத்ததில் முகம் கலைந்திருந்தது. சிரிப்பு மட்டும் தெரிந்தது.

"யாரு தம்பி இவ?"

கூட்டாளி சேவியர் தயங்கினார். "உங்க கல்யாணத்துக்கு முந்தி எடுத்தது அண்ணி. 'இதுலதான்யா உசுரு இருக்கு'ம்பாரு. யாருன்னு சொன்னதில்ல."

"நல்லாத்தான் இளிக்கிறா."

குணவதியைப் பொன்னையா நூறு படமாவது எடுத்திருப்பார். "அசையாத" என்பார். பிறகு நெகட்டிவில் பென்சிலால் அவளுடைய அம்மைத் தழும்புகளை ஒவ்வொன்றாக மூடுவார். ஒரு படத்தில்கூட அவர் கை ஆடியதில்லை.

அவள் விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"என்னையும் ஒண்ணு எடு தம்பி. ஆட்டி எடு."

"வேணும்னு ஆட்டுனா அப்படி வராது அண்ணி."

"எடுன்னா எடு. நானும் சிரிக்கிறேன்."

சேவியர் கேமராவைத் தூக்கினார். குணவதியின் உதடுகள் மூடிக்கொண்டன. தாடை தானாக நிமிர்ந்தது. பொன்னையா "அசையாத" என்றதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.