ஓட்டை வாளிக்குள் ஒரு குடித்தனம்

அடியில் விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளியைப் பூங்கோதை கொல்லைக் குப்பையில் போட்டுவிட்டாள். சாயங்காலம் குப்பைக்குத் தீ வைப்பாள் என்று வாளிக்குத் தெரியும். அது பயந்துபோய்ச் சாய்ந்து கிடந்தது.

முட்டையிட இடம் தேடி வந்த கோழி, "உள்ள வரலாமா?" என்றது.

"நான் ஓட்டை வாளி, தாயி. எங்கிட்ட ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது."

"நல்லதாப் போச்சு. முட்டைக்கு ஈரம் ஆகாது" என்று கோழி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

தீப்பெட்டியோடு வந்த பூங்கோதை அதைப் பார்த்துவிட்டாள். வாளியை அலுங்காமல் தூக்கி, வேலியோரம் நிழலில் சாய்த்து வைத்து, வைக்கோலும் பரப்பினாள்.

குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்ததும் கோழி திரும்பிப் பார்த்து, "இடம் குடுத்தியே, நல்லாயிருப்ப" என்றது.

"அத நான்ல சொல்லணும்" என்றது வாளி. "இத்தனை காலம் தண்ணி சுமந்தேன். இப்பத்தான் உசுரச் சுமந்திருக்கேன்."