கைராசி

பிள்ளை வெளியே வந்ததுமே பெற்றவள் அதன் வாயைப் பொத்திவிட்டாள்.

"அடிப்பாவி! கைய எடுடீ!" குப்பம்மா பதறிப்போனாள். தெலுங்கச்சி, பறங்கிச்சி, சோனகர் வீட்டுப் பெண் என்று பழவேற்காட்டில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி அவள். பெற்ற பிள்ளையைக் கொல்லத் துணிந்தவளை இன்றுதான் பார்க்கிறாள்.

ஒல்லாந்தர் எனும் டச்சுக்காரர்களின் கோட்டைக் கொட்டடியில் முப்பது பெண்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். வங்கத்துக்கு அப்பால் அரக்கானில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டவர்கள். நாளை ஜாவாத் தீவிலுள்ள பத்தாவியாவுக்குக் கப்பல். அவர்கள் பேசுவதில் குப்பம்மாவுக்கு ஒரு சொல்கூடப் புரியாது.

மூக்கை விட்டு வாயை மட்டும் பொத்தியபடி, அந்தப் பெண் மறு கையால் குப்பம்மாவின் கூடையைக் காட்டினாள். முந்தாநாள் பக்கத்துப் பாயில் கிடந்தவளுக்குச் செத்துப் பிறந்த சிசுவை அந்தக் கூடையில்தான் குப்பம்மா எடுத்துப் போனாள். காவல்காரன் எல்லப்பன் கூடைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இதையும் பொணமாக்கி எங்கையில குடுப்பியா? கப்பல்ல போனா இன்னா, எங்க போனா இன்னா, உசுருன்னு ஒண்ணு இருந்தாத்தானடி எல்லாம்!"

அவள் கும்பிட்டாள், காலைப் பிடித்தாள். குப்பம்மாவா அசைவாள்? பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கித் தலைகீழாகத் தூக்கி, உள்ளங்காலில் இரண்டு தட்டு தட்டினாள்.

வீலென்று அழுதது பிள்ளை. கொட்டடியே அதிர்ந்தது.

"பாத்தியா எங்கைராசிய!" குப்பம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்றவளோ பிள்ளையைப் பார்க்கவே இல்லை. கதவையே பார்த்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். மற்ற பெண்களும் ஒப்பாரி வைத்தார்கள்.

கதவு திறந்தது. எல்லப்பன் முகம் செத்துக் கிடந்தது.

"கொயந்த அழுவுற சத்தம் தொர காதுல வியுந்துடுச்சுக்கா. அதையும் கப்பல்ல ஏத்தணுமாம்."

"ஏத்தட்டுமே. ஆத்தாவும் புள்ளையும் ஒண்ணாப் போவட்டும்."

"போன தபா ஏத்துன கைக்கொயந்தைங்கள்ல ஒண்ணுகூட கரை சேரலன்னு மாலுமிங்க சொன்னாங்க. எல்லாத்தையும் கடல்லதான் போட்டாங்களாம். இவளுங்களுக்கும் அது தெரியும்."

குப்பம்மாவின் கையில் பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. எல்லப்பன் ஓரத்தில் கிடந்த காலிக் கூடையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"செத்துப் பொறந்துச்சுன்னு மூடி எடுத்தாந்திருந்தா, நான் தொறந்தா பாத்திருப்பேன்?"