பின்கழுத்து

கொள்ளி வைத்துவிட்டுத் தாரணி நிமிர்ந்ததும் சிதை அடுக்கியவர் சொன்னார்: "திரும்பிப் பாக்காம போயிரும்மா. பாத்தா தாத்தா போகமாட்டாரு, ஒன் கூடவே வந்துருவாரு."

நடந்தாள். சண்டை விமானம் ஓட்டிய தாத்தா, போர் முடிந்து ஒரு ஆயுசு கழிந்த பிறகும், பின்னால் எதிரி விமானம் வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பதை விடவில்லை. சாப்பிடும்போதும் சாமி கும்பிடும்போதும் பார்ப்பார். முதலில் இடத்தோள், பிறகு வலத்தோள். கல்யாணப் படங்களில் ஒன்றில்கூட அவர் முகம் நேராக இல்லை. ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போது அவள் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு, "நான் விழமாட்டேன் தாத்தா, ரோட்டப் பாருங்க" என்பாள்.

"உன்னப் பாக்கலடா கண்ணு. அவன் வெயிலுக்குள்ளேருந்துதான் வருவான். வந்ததே தெரியாது."

"யாரு தாத்தா?"

வண்டி வேகமெடுக்கும்.

"பயம்னா என்னன்னே தெரியாத மனுஷன்" என்றார் சுடுகாட்டுப் பாதையில் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த மாமா. ஸ்கூட்டரில் தாத்தாவின் முதுகு நடுங்கியதை அவள் கன்னம் மட்டுமே அறியும்.

காலை வெயில் இப்போது அவளுக்குப் பின்னால் இருந்தது. ஈரத்தலை சொட்டிய பின்கழுத்தில் அது யாரோ கை வைத்ததுபோலச் சுட்டது. சிதையில் விறகு வெடித்தது. தாரணி பல்லைக் கடித்துக்கொண்டாள். திரும்பினால் தாத்தா போகமாட்டார். திரும்பாவிட்டால்?

பின்கழுத்துச் சூடு சட்டென்று அணைந்தது. மணலில் அவள் நிழலின்மேல் சிறகு விரித்த இன்னொரு நிழல் விழுந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது.

அவள் கழுத்து, முதலில் இடத்தோள் பக்கமாக, அசையத் தொடங்கியது.